பின்னால் வருகிறவர்களுக்கு ஒரு பிரேக்

சென்ற தீபாவளிக்குக் கோலா சுங்கை பாருவில் மாமா வீட்டில் இருந்தேன். சாப்பிட்டு முடித்து எல்லாரும் ஹாலில் சாய்ந்திருந்த நேரத்தில் பெர்த்திலிருந்து மச்சான் வீடியோ காலில் வந்தான். புதிதாக ஒரு கேரவன் வாங்கியிருந்தான். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிறது. சாமான்களோடு 2,400 கிலோ. போனைத் தூக்கிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான்.

"எல்லாம் சரிப்பா, இதுக்கு எலக்ட்ரிக் பிரேக் கண்ட்ரோலர் போட்டாத்தான் ரோட்டுல இழுக்க முடியும். எதப் போடறதுன்னுதான் புரியல."

"கண்ட்ரோலர்னா என்னாடா?"

"பின்னால வர்ற வண்டிக்குத் தனி பிரேக்ப்பா. நான் காருல பிரேக் மிதிச்சா, இந்தப் பொட்டி கேரவன் சக்கரத்துக்குக் கரண்ட் அனுப்பும். கையால அமுக்க ஒரு பட்டனும் இருக்கு. காரு பிரேக்கத் தொடாமலேயே கேரவன மட்டும் பிடிக்கலாம்."

மாமா தோட்டத்தில் இருபது வருடத்துக்கு மேல் டிராக்டர் ஓட்டியவர். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கட்டிலும் அடுப்பும் போற வண்டிக்கா? நான் நாப்பது பேர ஏத்திக்கிட்டுப் போனேன்டா. என் டிரெய்லருக்கு பிரேக்கே கிடையாது."

மச்சான் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இழுக்கும் வண்டிக்கு பிரேக் இருக்கிறது. இழுபடும் வண்டிக்கும் ஒன்று வேண்டும் என்று யார், எப்போது, எதற்காக முடிவு செய்தார்கள்? அந்த முடிவு ஏன் மாமாவின் டிரெய்லர் வரை வரவில்லை? ஊர் திரும்பிய பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

*

மலாக்காவில் இழுவை வண்டி என்றால் முதலில் மாட்டு வண்டிதான். எருமைக் கொம்பு மாதிரி இரு பக்கமும் வளைந்து எழும் கூரை வைத்த மலாக்கா மாட்டு வண்டியைப் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டுக் கட்டை வண்டியும் அதன் உறவுதான்.

இறக்கத்தில் மாட்டு வண்டியை நிறுத்துவது எது? சில வண்டிகளில் சக்கரத்தை உரசும் கட்டை இருக்கும். பல வண்டிகளில் அதுவும் இல்லை. பாரம் முன்னால் தள்ளும்போது அந்தத் தள்ளலை நுகத்தடி வழியாக மாடுதான் வாங்குகிறது. அங்கே மாட்டின் கழுத்துதான் பிரேக். பெங்களூரு இந்திய மேலாண்மை நிறுவனத்தை ஆரம்பத்தில் வழிநடத்திய என். எஸ். ராமசுவாமி, 1970களிலும் 80களிலும் மாட்டு வண்டியைச் சீர்திருத்த வேண்டும் என்று தொடர்ந்து பேசிவந்தார். பாரம் முழுவதையும் மாட்டின் கழுத்தில் போடும் பழைய நுகத்தடியின் கொடுமையும் அவர் அக்கறைகளில் ஒன்று.

மாடு செய்த இந்த வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்தால் என்ன ஆகும்? பெரிய அளவில் இந்தக் கேள்வி முதலில் ரயிலில்தான் எழுந்தது.

*

ரயிலும் ஒரு டிரெய்லர் வரிசைதான். முன்னால் ஓர் இன்ஜின், பின்னால் தன்னால் ஓட முடியாத பெட்டிகள். ஆரம்ப காலத்தில் இன்ஜினுக்கு ஒரு பிரேக், கடைசியில் கார்டு பெட்டிக்கு ஒரு கை பிரேக். நடுவில் உள்ள பெட்டிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும்.

1869ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். இன்ஜினிலிருந்து குழாய் வழியாக அழுத்தக் காற்றை அனுப்பி எல்லாப் பெட்டிகளையும் ஒன்றாகப் பிடிக்கும் ஏற்பாடு அது. அதில் ஒரு ஓட்டை இருந்தது. குழாய் அறுந்தால் காற்று போகாது, பிரேக் பிடிக்காது. 1872ஆம் ஆண்டு அவர் அதைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் காற்று அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும். அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு பெட்டியும் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் காற்றால் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். பெட்டி கழன்று போனால் அது தானாக நிற்கும். இழுக்கிறவனோடு தொடர்பு அறுந்தாலும் பின்னால் வருகிறவன் பிழைக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. இதற்குப் பிறகு வந்த நல்ல டிரெய்லர் பிரேக்குகளில் எல்லாம் இந்த யோசனை ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது.

ஆனால் யோசனை இருந்தால் போதாது, சட்டம் வேண்டும். சட்டத்துக்குச் சாவு வேண்டியிருந்தது. 1889ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு ஓர் உல்லாசப் பயண ரயில் வாரன்பாயிண்ட் கடற்கரைக்குக் கிளம்பியது. ஏற்றத்தில் இன்ஜின் திணறி நின்றது. ரயிலை இரண்டாகப் பிரித்து முன்பாதியை முதலில் மேலே கொண்டுபோக முடிவு செய்தார்கள். அந்த ரயிலில் இருந்தது தானியங்கி வகை இல்லாத சாதாரண வெற்றிட பிரேக். பிரித்த கணத்தில் பின்பாதிப் பெட்டிகளுக்கு பிரேக் இல்லாமல் போனது. கார்டின் கை பிரேக் ஒன்றை நம்பி, சக்கரங்களுக்குக் கீழே கல் வைத்தார்கள். முன்பாதி கிளம்பும்போது லேசாகப் பின்னால் வந்து இடித்தது. கல் நொறுங்கியது. பெட்டிகள் இறக்கத்தில் உருண்டு, பின்னால் வந்த இன்னொரு ரயிலில் மோதின. சுமார் 80 பேர் செத்துப்போனார்கள். பலர் குழந்தைகள்.

அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பயணிகள் ரயிலின் எல்லாப் பெட்டிகளுக்கும் பிரேக் இருக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் அது தானாகப் பிடிக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தில் ஒரு சொல்லைக் கவனியுங்கள்: பயணிகள். சரக்கு ரயிலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பிரிட்டனில் தனி பிரேக் இல்லாத சரக்குப் பெட்டிகள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தன. நிலக்கரி உருண்டு போனால் நஷ்டம், மனுஷன் உருண்டு போனால் குற்றம் என்று சட்டம் கோடு போட்டது. கோடு நியாயமானதுதான். ஆனால் சரக்குக்காகச் செய்த வண்டியில் மனுஷனை ஏற்றினால் அவன் கோட்டின் எந்தப் பக்கம்?

*

மலாக்காவுக்கும் ஒரு ரயில் இருந்தது. 1905ஆம் ஆண்டு தம்பினிலிருந்து மலாக்கா நகரத்துக்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டது. அதற்கு ஒன்பது வருடம் முன்னால், 1896இல், டான் சே யான் என்ற மலாக்கா சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டிருந்தார். மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் நடப்பட்டதன் தொடக்கம் அதுதான். பால் மரம் பெருகியது. மரம் வெட்ட தமிழர்கள் வந்தார்கள்.

ஜப்பானியர் காலத்தில் அந்தத் தம்பின்–மலாக்கா தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். தோட்டங்களிலிருந்து ஆட்களையும் கொண்டுபோனார்கள். எதில்? சரக்குப் பெட்டியில். இரும்புப் பெட்டிக்குள் அடைத்து, கதவைச் சாத்தி, நாள்கணக்கில் வடக்கே. பல்லாயிரம் தமிழர்கள் திரும்பி வரவில்லை. அவர்களைக் கொன்றது பிரேக் இல்லாத வண்டி இல்லை. காலராவும் பட்டினியும் அடியும். ஆனாலும் என் கேள்விக்கு ஒரு பதில் அங்கே கிடைத்தது. சரக்குப் பெட்டியில் ஏற்றிய ஆளைச் சரக்காகத்தான் எண்ணினார்கள்.

அது போர்க்காலம், அந்நியப் படை. சுதந்திரம் வந்து வருடங்கள் கழித்து, சாதாரண ஒரு திங்கட்கிழமை காலையில் நடந்ததை மாமா சொன்னார்.

*

மாமா வேலைக்குச் சேர்ந்தபோது தோட்டத்தில் பால் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். செம்பனைக் குலை ரப்பர் பால் மாதிரி இல்லை. ஒரு குலையே இருபது கிலோ வரும். அறுத்த ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெய் கெடும். காண்டாவில் தூக்கும் வேலை இல்லை அது. அதனால் டிராக்டரும் டிரெய்லரும் வந்தன.

காலையில் பெரட்டு முடிந்ததும் அதே டிரெய்லரில் ஆட்கள் ஏறுவார்கள். மதியம் குலை ஏறும். "வண்டியக் கழுவ நேரமிருக்காது. குலையோட முள்ளு கெடக்கும். பொம்பளைங்க சாக்க விரிச்சு உக்காருவாங்க."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்பது பேர், ஆளுக்கு 50 கிலோ என்றாலே இரண்டு டன். டிரெய்லரின் சொந்த எடை வேறு. இழுக்கும் டிராக்டரே ஏறக்குறைய இரண்டு டன்தான். விவசாய டிராக்டரில் பொதுவாகப் பின் சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக். இடது சக்கரத்துக்கு ஒரு மிதி, வலது சக்கரத்துக்கு ஒரு மிதி. வயலில் சட்டென்று திரும்ப அது வசதி. சடக்கில் ஓடும்போது இரண்டையும் ஒரு கொக்கியால் இணைத்துவிட வேண்டும். இணைக்க மறந்து ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

ஆக, தன்னைவிடக் கனமான ஒன்று பின்னால் தள்ள, டிராக்டர் தன் இரண்டு சக்கரத்தால் மொத்தத்தையும் நிறுத்த வேண்டும். மாட்டின் கழுத்து செய்த அதே வேலை.

"மழ பேஞ்ச செம்மண் சடக்கு. எறக்கம். சின்ன கியர்லதான் விட்டேன். ப்ரீ கியர்ல விட்டவன் பொழைக்க மாட்டான். பிரேக் மிதிக்கிறேன், டிராக்டர் சக்கரம் நின்னுடுச்சு. வண்டி மட்டும் போவுது. பின்னால உள்ளது தள்ளுது. சக்கரம் சுத்தல, வழுக்குது. டிரெய்லர் ஒரு பக்கமா மடங்கி வர்றது தெரியுது. அப்படியே மேட்டுப் பக்கம் திருப்பி முட்டிட்டேன்."

யாரும் சாகவில்லை. ஓர் அம்மாவுக்குக் கை ஒடிந்தது. அடுத்த வாரம் டிரெய்லரில் ஒரு மாற்றம் வந்தது: ஆட்கள் விழாமல் இருக்கப் பக்கப் பலகையை உயர்த்தினார்கள். பிரேக் வரவில்லை. வண்டி நின்றால் சக்கரத்துக்குக் கல் வைக்கும் பழக்கமும் மாறவில்லை. ஆர்மாவில் வைத்த அதே கல்.

*

அந்த நாளில் டிரெய்லருக்குத் தனி பிரேக் என்ற பொருளே உலகத்தில் இல்லையா? இருந்தது. மாமா பிறப்பதற்கு முன்னாலேயே.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பெலாய்ட் என்ற ஊரில் ஆர்தர் பி. வார்னர் என்று ஒருவர் இருந்தார். காருக்கு வேகமானி செய்து சம்பாதித்தவர். 1909ஆம் ஆண்டு சொந்தமாக ஒரு விமானம் வாங்கித் தானே ஓட்டியவர். பிறகு டிரெய்லர் செய்யும் தொழிலில் இறங்கினார். 1927ஆம் ஆண்டு வார்னர் எலக்ட்ரிக் பிரேக் நிறுவனம் தொடங்கப்பட்டது.

அதன் தத்துவம் எளிது. டிரெய்லர் சக்கரத்தின் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம். கரண்ட் வந்தால் அது சுழலும் டிரம்மின் முகத்தில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். டிரம் அதைத் தன்னோடு இழுக்கும். அந்த இழுப்பில் ஒரு நெம்புகோல் அசைந்து பிரேக் கட்டைகளை விரித்து அழுத்தும். சக்கரம் சுற்றும் சக்தியே சக்கரத்தைப் பிடிக்கப் பயன்படுகிறது. மின்சாரம் கொஞ்சம் போதும், காந்தம் ஒன்றுக்கு சுமார் மூன்று ஆம்பியர். காரின் பேட்டரி தாங்கும். குழாய் வேண்டாம், காற்று அழுத்தும் இயந்திரம் வேண்டாம், ஒரு ஒயர் போதும். 1930களில் அமெரிக்கர்கள் விடுமுறைக்கு வீட்டு டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு கிளம்பியபோது இது அவர்களோடு பரவியது.

தோட்டத்துக்கு அது அப்படியே பொருந்தியிருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். சேற்றிலும் தண்ணீரிலும் காந்தமும் டிரம்மும் சீக்கிரம் கெடும். எந்த டிராக்டரும் எந்த டிரெய்லரையும் மாட்டி இழுக்கும் இடத்தில் ஒயர் நிலைக்காது. ஆனால் ஹைட்ராலிக் பிரேக் இருந்தது. டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையாலேயே பிடிக்கும் பிரேக்கும் இருந்தது. ஐரோப்பாவில் கேரவன்களுக்கு இன்றும் அதுதான் பரவலாக இருக்கிறது. வழி இல்லாமல் இல்லை. குலை ஏற்றும் வண்டி, தோட்டத்துக்குள் ஓடும் வண்டி, மெதுவாகப் போகும் வண்டி, அதற்கு எதற்கு என்று இருந்துவிட்டார்கள். காலையில் அதில் ஆள் ஏறுவது கணக்கில் வரவில்லை.

*

மச்சான் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எதைப் போடுவது? தேடிப் படித்து அவனுக்கு நான் அனுப்பியதைச் சுருக்கமாக இங்கே தருகிறேன்.

ஆஸ்திரேலியாவில் 750 கிலோ வரை டிரெய்லருக்கு பிரேக் கட்டாயமில்லை. 2,000 கிலோ வரை ஓர் அச்சிலாவது வேண்டும். அதற்கு மேல் எல்லாச் சக்கரத்திலும் வேண்டும்; டிரைவர் தன் இருக்கையிலிருந்தே இயக்க முடிய வேண்டும்; டிரெய்லர் அறுந்து போனால் பிரேக் தானாகப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் விடாமல் இருக்க வேண்டும். ஆர்மாவின் பாடம் அப்படியே கேரவனுக்கு வந்திருக்கிறது.

கண்ட்ரோலரில் இரண்டு வகை. ஒன்று நேரக் கணக்கில் ஓடுவது. பிரேக் விளக்கு எரிந்ததும், நாம் வைத்த அளவுக்குக் கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போகும். நீங்கள் மெல்ல மிதித்தீர்களா, பதறி மிதித்தீர்களா என்று அதற்குத் தெரியாது. விலை குறைவு. இன்னொன்று அளவறிந்து பிடிப்பது. உள்ளே இருக்கும் உணரி, கார் எவ்வளவு வேகமாக வேகம் இழக்கிறது என்று பார்த்து, அதற்கு ஏற்பக் கரண்ட் அனுப்பும். முன்பு ஊசல் குண்டு வைத்துச் செய்தார்கள், இப்போது சின்னச் சில்லு. நெடுஞ்சாலைக்கு இதுதான் நல்லது. கரடுமுரடான மண் பாதையில் குலுக்கல் உணரியைக் குழப்பும். அதனால் அங்கே கையால் அளவு வைத்துக்கொள்ளும் முறைக்கு மாற்ற வசதியுள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

எத்தனை அச்சு என்று பார்க்க வேண்டும். இரண்டு அச்சு என்றால் நான்கு காந்தம், சுமார் 12 ஆம்பியர். மெல்லிய ஒயரும் துருப்பிடித்த எர்த்தும் இருந்தால் எவ்வளவு நல்ல கண்ட்ரோலரும் பலவீனமாகத்தான் பிடிக்கும். படகு டிரெய்லர் என்றால் யோசனை வேறு. உப்புத் தண்ணீரில் இறங்கும் சக்கரத்துக்குள் காந்தம் தாங்காது. கரண்ட் சைகையை வாங்கி ஹைட்ராலிக் டிஸ்க்கை இயக்கும் கருவி ஒன்று உண்டு. கண்ட்ரோலர் அதோடு ஒத்துப்போகுமா என்று கேட்டு வாங்க வேண்டும். கோலா சுங்கை பாரு மாதிரி கடலோர ஊர்க்காரர்களுக்கு இது உதவும்.

போட்டால் மட்டும் போதாது. சாமான் ஏற்றிய பிறகு, காய்ந்த சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் கைப் பட்டனை முழுதாக அமுக்கிப் பார்க்க வேண்டும். டிரெய்லர் சக்கரம் சுற்றாமல் வழுக்கும் அளவு வரை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும். பாரம் மாறினால், மழை பெய்தால் மறுபடி சரிபார்க்க வேண்டும். மாமாவின் டிராக்டருக்கு நடந்தது இதுதான்: பிடித்த சக்கரம் வழுக்கினால் அது பிரேக் இல்லை.

அந்தக் கைப் பட்டனைப் பற்றி ஒன்று. கேரவன் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்தால் கை கால் பதறிக் கார் பிரேக்கை மிதிக்கத் தோன்றும். மிதித்தால் முன்னது நிற்கும், பின்னது மடங்கி வந்து தள்ளும். கார் பிரேக்கை விட்டுவிட்டுப் பட்டனை மட்டும் மெல்ல அமுக்கினால், பின்னது கொஞ்சம் பின்தங்கி முன்னதை நேராக இழுத்துப் பிடிக்கும். பின்னால் வருகிறதைப் பிடித்தால்தான் முன்னால் போகிறதும் பிழைக்கும். இதை மாமாவிடம் சொன்னபோது, "அந்தப் பட்டன் அன்னைக்கு இருந்திருந்தா" என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை.

*

பொங்கலுக்கு மறுபடி போயிருந்தேன். மச்சான் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். நிறுத்தியிருக்கும் கேரவனின் முன்பக்கத்தில், இணைப்புக் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பின். அதில் கட்டிய கம்பி காரோடு போகிறது. கார் கழன்று போனால் கம்பி பின்னைப் பிடுங்கும். கேரவனில் இருக்கும் தனி பேட்டரி பிரேக்கைப் போடும். அதைச் சோதித்துக் காட்டினான். பின்னைக் கையால் பிடுங்கிவிட்டு மனைவியைக் காரை மெல்ல நகர்த்தச் சொன்னான். கார் உறுமியது. கேரவனின் சக்கரம் லேசாக அசைந்து உடனே நின்றுகொண்டது.

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மூன்று முறை பார்த்தார்.

"இது எல்லாம் சேத்து என்னா வெல இருக்கும்?"

"கண்ட்ரோலர் சில நூறு டாலர் மாமா. பின்னும் பேட்டரியும் அதவிடக் கம்மிதான்."

"அவ்வளவுதானா?" என்றார். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.